இருட்டில் கண் முழிச்சிருக்கும் ரோடு: பெர்சி ஷாவின் கதை

நைட் பஸ்ல டிரைவருக்குப் பின்னாடி இருக்கிற முதல் சீட் கிடைச்சு ஊருக்குப் போயிருக்கீங்களா? செமஸ்டர் லீவுக்குப் போகும்போது எனக்கு ரெண்டு மூணு தடவை அந்த சீட் கிடைச்சிருக்கு. தூக்கமே வராது. ரோடு முழுக்க கருப்பா இருக்கும். ஹெட்லைட் பட்டதும் நடுக்கோட்டுல வரிசையா புள்ளி புள்ளியா வெளிச்சம் எழும்பும். பஸ் பக்கத்துல போனதும் அணைஞ்ச மாதிரி ஆயிடும். ரோடு வளைஞ்சா அந்தப் புள்ளிகளும் வளையும். வளைவு நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அது சொல்லிடும்.

அதுக்குள்ள பல்பு இருக்குன்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். மூணாவது வருஷம் முடியற வரைக்கும். சிரிக்காதீங்க, உங்கள்ல பாதிப் பேர் இப்பவும் அப்படித்தான் நினைச்சுட்டு இருப்பீங்க.

பல்பு கிடையாது. ஒயர் கிடையாது, பேட்டரியும் கிடையாது. நம்ம வண்டி போடுற வெளிச்சத்தையே அது நமக்குத் திருப்பித் தருது. இதை ரோட்டுக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்துல ரோடு போடுற ஒரு சின்ன கான்ட்ராக்டர். 13 வயசோட ஸ்கூலை விட்டவர். பேரு பெர்சி ஷா. இந்த இதழ்ல அவரைப் பத்தி எழுதணும்னு எனக்கு ஒரு காரணம் இருக்கு. அதைக் கடைசில சொல்றேன்.

மில் ஊர்ப் பையன்

பெர்சி ஷா 1890 ஏப்ரல் 15 அன்று, இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் உள்ள ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் பிறந்தார். நம்ம திருப்பூர், கோயம்புத்தூர் மாதிரி அதுவும் மில் ஊர்தான். மலைச்சரிவு, புகைபோக்கிகள், கம்பளித் துணி, எப்பவும் மூட்டம். அப்பா ஒரு மில்லில் சாயத் தொழிலாளி. பெரிய குடும்பம், சின்னச் சம்பளம். பெர்சிக்கு 2 வயசு இருக்கும்போது குடும்பம் பூத்டவுன் என்ற பகுதியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனது. அந்த வீட்டை ஞாபகம் வச்சுக்குங்க. வாழ்க்கை முழுக்க அவர் அங்கேதான் இருக்கப்போறார்.

13 வயசுல படிப்பு நின்னது. துணி மில்லில் வேலைக்குப் போனார். ராத்திரி வகுப்பில் சுருக்கெழுத்தும் கணக்கெழுதவும் கத்துக்கிட்டு ஆபீஸ் வேலைக்கும் முயற்சி பண்ணிப் பார்த்தார். அந்தச் சம்பளம் கட்டுப்படியாகலை. அப்புறம் கம்பி இழுக்கும் பட்டறை, வெல்டிங், பாய்லர் வேலை, மெஷின் டூல் வேலை என்று ஒவ்வொரு இடமா மாறிக்கிட்டே இருந்தார். இன்னைக்கு ஒரு எச்.ஆர் அவரோட ரெஸ்யூமைப் பார்த்திருந்தா ஓரமா எடுத்து வச்சிருப்பாங்க. ஆனா கவனிச்சுப் பாருங்க. இரும்பை எப்படி வார்க்கறது, எப்படி ஒட்ட வைக்கறது, எது எங்கே தேயும், எது எங்கே உடையும் என்பதெல்லாம் அந்த அலைச்சல்லதான் அவர் கைக்கு வந்தது. நாம எட்டு செமஸ்டர்ல லேப் மேனுவலைப் பார்த்து எழுதினதை அவர் சம்பளம் வாங்கிக்கிட்டே கத்துக்கிட்டார்.

பிறகு அப்பாவோட சேர்ந்து வீட்டிலேயே கருவிகள் பழுது பார்க்கும் தொழில் பண்ணினார். முதல் உலகப் போர் சமயத்துல குண்டுகளுக்கான உதிரிப் பாகங்கள் செஞ்சு கொடுத்தாங்க. 1929-இல் அப்பா இறந்துபோனார். அதுக்கப்புறம் பெர்சி கையில் எடுத்தது தார் போடும் தொழில். வீட்டு வாசல் பாதை, தோட்டப் பாதை, இப்படிச் சின்னச் சின்ன கான்ட்ராக்ட். தார் போட்டா ரோலர் வேணுமே? பெரிய ரோலர் சின்னப் பாதைக்குள்ள நுழையாது. அதனால பழைய ஃபோர்டு இன்ஜின் ஒண்ணு, லாரிச் சக்கரம் மூணு வச்சு ஒரு குட்டி ரோலரை அவரே செஞ்சுக்கிட்டார். மனுஷன் எப்படிப்பட்டவர்னு இந்த ஒரு விஷயத்திலேயே தெரியும். கடையில கிடைக்கலைன்னா பட்டறைக்குப் போயிடுவார்.

அந்த ராத்திரி என்ன நடந்தது?

ஹாலிஃபாக்ஸுக்கு மேலே மலைமேல குவீன்ஸ்பரி என்று ஒரு ஊர். அங்கிருந்து பூத்டவுனுக்கு இறங்கி வர்ற ரோடுதான் பெர்சி அடிக்கடி ராத்திரியில் காரில் வர்ற வழி. வளைவு, இறக்கம், மூட்டம், ஒரு பக்கம் சரிவு. கொடைக்கானல் ரோட்டில் பனி இறங்கின ராத்திரி வந்தவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு புரியும்.

அந்த ரோட்டில் அவருக்கு ஐடியா எப்படி வந்ததுன்னு கேட்டா ஒரு கதை இல்லை, மூணு கதை இருக்கு. மூணும் அவர் பேரிலேயே சுத்துது.

முதல் கதை பூனை. மூட்டத்துல வந்துக்கிட்டு இருக்கும்போது வேலி மேல உட்கார்ந்திருந்த ஒரு பூனையோட கண்ணு ஹெட்லைட் பட்டு மின்னுச்சாம். அதைப் பார்த்துத்தான் தன் வண்டி ரோட்டு ஓரத்துக்குப் போயிட்டதே தெரிஞ்சதாம். எல்லாரும் சொல்ற கதை இதுதான். அந்தப் பூனை திரும்பி உட்கார்ந்திருந்தா பெர்சி பென்சில் ஷார்ப்பனரைக் கண்டுபிடிச்சிருப்பார்னு அங்கே ஒரு பழைய ஜோக்கே உண்டு.

ரெண்டாவது கதை டிராம் தண்டவாளம். சக்கரம் உருண்டு உருண்டு தேஞ்சு பளபளன்னு இருக்கிற இரும்புத் தண்டவாளத்தில் ஹெட்லைட் பட்டா ஒரு கோடு மாதிரி தெரியும். டிரைவர்கள் அதைப் பிடிச்சுக்கிட்டே போவாங்க. ஒரு இடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த பிறகுதான், இத்தனை நாள் நமக்கு வழி காட்டினது அதுதான் என்று அவருக்கு உறைச்சதாம்.

மூணாவது கதை அவ்வளவா யாரும் சொல்றதில்லை. எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான். ஆலன் விக்கர் என்ற டிவி நிருபர்கிட்டே பெர்சி சொன்ன கதை. அந்தக் காலத்திலேயே சில ரோடு போர்டுகளில் எழுத்து ராத்திரியில் தெரியறதுக்காகக் கண்ணாடி ரிஃப்ளெக்டர் பதிச்சிருப்பாங்க. ஒரு மூட்ட ராத்திரியில் அப்படி ஒரு போர்டைப் பார்த்தவர், இந்த மினுமினுப்பை அப்படியே கீழே இறக்கி ரோட்டிலேயே வச்சா என்ன என்று யோசிச்சிருக்கார்.

இது ஏன் பிடிச்சதுன்னா, இதுல மேஜிக் இல்லை, வேலை இருக்கு. போர்டு ரோட்டு ஓரத்தில் ஒரு இடத்தில் நிக்குது. ஒரு தடவை சொல்லிட்டு முடிஞ்சிடும். ஆனா டிரைவருக்கு ஒவ்வொரு பத்தடிக்கும் வழி தெரியணும். மூட்டத்தில் அவர் கண்ணு ரோட்டு மேலதான் இருக்கும், போர்டு மேல இருக்காது. அப்போ தகவல் இருக்க வேண்டிய இடமும் ரோடுதான்.

ஒரு குட்டி ஃபிசிக்ஸ்

பிளஸ் டூவில் படிச்சதுதான், பயப்படாதீங்க. சாதாரணக் கண்ணாடியில் வெளிச்சம் சாய்ஞ்சு விழுந்தா அதே கோணத்தில் அந்தப் பக்கமா போயிடும். உங்க ஹெட்லைட் வெளிச்சம் உங்களுக்குத் திரும்பி வராது. ஆனா முன்னாடி ஒரு லென்ஸும் அதுக்குப் பின்னாடி அது குவியற இடத்துல ஒரு கண்ணாடியும் வச்சா, வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போகும். பூனைக்கும் இதே டெக்னிக்தான். விழித்திரைக்குப் பின்னாடி அதுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புற ஒரு அடுக்கு உண்டு.

இந்த மாதிரி லென்ஸைப் பெர்சி கண்டுபிடிக்கலை. ரிச்சர்ட் ஹாலின்ஸ் முர்ரே என்ற ஒரு அக்கவுன்டன்ட் சில வருஷம் முன்னாடியே விளம்பரப் பலகைகளுக்காக அதைச் செஞ்சிருந்தார். அது தனக்கு உதவினதைப் பெர்சி மறைக்கவும் இல்லை. அப்போ பெர்சி என்னதான் பண்ணினார்? இங்கேதான் நம்ம ஆளு நிக்கிறார்.

ரோட்டில் கண்ணாடியைப் பதிச்சா ரெண்டு நாள்ல என்ன ஆகும்? லாரி ஏறும், உடையும். உடையலைன்னா சேறு மூடும். சேறு மூடினா அது வெறும் கல்லு. ஊர் ஊரா ஆள் வச்சுத் துடைக்க முடியுமா? தார் போடுறவருக்கு இது தெரியும். ரோட்டு மேல எதெல்லாம் நடக்கும்னு அவர் தினமும் பார்க்கிறவர்.

அவர் செஞ்சது இதுதான். வார்ப்பு இரும்பில் கனமான ஒரு அடிப்பெட்டி. அதை ரோட்டுக்குள்ள புதைக்கணும். அதுக்குள்ள ஒரு ரப்பர் கட்டை. ரப்பருக்குள்ள இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு கண்ணாடி. சக்கரம் ஏறினா ரப்பர் அமுங்கி, கண்ணாடி பத்திரமா உள்ளே போயிடும். இரும்பு விளிம்பு எடையைத் தாங்கிக்கும். அப்படி உள்ளே போகும்போது ரப்பரில் இருக்கிற ஒரு பட்டை கண்ணாடி முகத்தைத் துடைச்சு விடும். அடிப்பெட்டியில் மழைத் தண்ணி தேங்கி நிக்கும். அந்த ஈரத்துல துடைக்கறதால சேறு வழுக்கிட்டு வந்துடும். நாம கண் இமைக்கிற மாதிரியே. ரோட்டைப் பாழாக்குற லாரியும் மழையுமே அதைச் சுத்தம் பண்ற ஆளுங்களா ஆயிட்டாங்க.

இதை முதல் தடவை படிச்சப்போ நான் லேப்டாப்பை மூடி வச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சென்சார் இல்லை, மோட்டார் இல்லை, கோட் ஒரு வரி இல்லை.

விளக்கு அணைஞ்ச தேசம்

1934-இல் பெர்சி பேடன்ட் எடுத்தார். அந்த வருஷம் பிரிட்டனில் ரோடு விபத்தில் மட்டும் 7,343 பேர் செத்துப்போனாங்க. நம்மகிட்டே இன்னைக்கு இருக்கிற வண்டிகளை வச்சுப் பார்த்தா, அங்கே அப்போ ரோட்டில் வண்டிகளே கம்மி. அதுக்கே இந்தக் கணக்கு. ஊருக்குள்ள வேகக் கட்டுப்பாடும், லைசென்ஸுக்கு டெஸ்டும் 1935-இல்தான் வந்தது. அதே வருஷம் மார்ச் மாதம் ரிஃப்ளெக்டிங் ரோட்ஸ்டட்ஸ் லிமிடெட் என்று பெர்சி கம்பெனி ஆரம்பிச்சார். பொருளுக்கு வச்ச பேரு கேட்ஸ்ஐ. ஆரம்பத்தில் வியாபாரம் மந்தம்தான். ரோட்டுக்கு நடுவுல இரும்பைப் புதைக்க எந்த அதிகாரி உடனே கையெழுத்துப் போடுவார்?

1939-இல் ரெண்டாம் உலகப் போர் வந்தது. ஜெர்மன் விமானங்களுக்கு ஊர் தெரியக்கூடாதுன்னு பிரிட்டன் முழுக்க இருட்டடிப்பு. தெரு விளக்கு அணைஞ்சது. வெளிச்சம் போட்ட போர்டுகள் அணைஞ்சது. காரோட ஹெட்லைட்டுக்கும் மூடி போட்டு, கீழ்நோக்கிக் கொஞ்சம் மட்டும் வெளிச்சம் விழற மாதிரி பண்ணிட்டாங்க. 1941-இல் ரோடு சாவு 9,169. அந்த நாட்டு வரலாற்றில் அதுதான் உச்சம். குண்டுக்குப் பயந்து அணைச்ச இருட்டில் ரோட்டில் செத்தவங்க அத்தனை பேர்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. மின்சாரத்துல எரியற எந்தப் போர்டும் அந்த நேரத்தில் உதவாது. எரிஞ்சா மேலே தெரியும். கேட்ஸ்ஐ மட்டும் வேலை செஞ்சது. அது ரோட்டோட மட்டத்தில் இருக்கு, அதனால மூடி போட்ட ஹெட்லைட்டோட அந்தக் கொஞ்ச வெளிச்சமும் அதுமேல விழும். வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பறதால மேலே பறக்கிற விமானத்துக்கு எதுவும் தெரியாது. வண்டி போனதும் ரோடு மறுபடி கருப்பு. இதோட அருமை அப்போதான் ஊருக்குப் புரிஞ்சது.

போர் முடிஞ்ச பிறகு 1940-களின் கடைசியில் போக்குவரத்து அமைச்சகத்தில் ஜூனியர் மந்திரியா இருந்த ஜேம்ஸ் காலஹன் இதுக்கு ஆதரவா நின்னார். நாடு முழுக்க ரோடுகளில் பதிக்க ஆரம்பிச்சாங்க. பின்னாடி கலர்லயும் வந்தது. லேன் கோட்டுக்கு வெள்ளை, இடது ஓரத்துக்குச் சிவப்பு, நடு மீடியன் பக்கம் ஆம்பர், கிளை ரோடு பிரியற இடத்துல பச்சை. எழுத்தே இல்லாத போர்டு. படிக்கத் தெரியணும்னு அவசியமே இல்லை.

கார்பெட் இல்லாத பணக்காரர்

பூத்டவுனில் ஃபேக்டரி வளர்ந்து 20 ஏக்கர் ஆனது. வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல கேட்ஸ்ஐ தயாராகி வெளிநாட்டுக்கும் போச்சு. 1965-இல் ஏற்றுமதிக்காக அவருக்கு ஓ.பி.இ பட்டம் கொடுத்தாங்க. ரோல்ஸ் ராய்ஸ் ஃபான்டம் கார் வாங்கினார். அது ஒண்ணுதான் ஆடம்பரம்.

வீடு? 2 வயசுல வந்த அதே வீடு. கல்யாணம் பண்ணிக்கலை. தரையில் கார்பெட் கிடையாது, ஜன்னலில் திரைச்சீலை கிடையாது. வரவேற்பறையில் ஒரே நேரத்தில் பல டிவி ஓடிட்டே இருக்கும், ஒவ்வொண்ணிலும் ஒவ்வொரு சேனல். யாராவது ஃப்ரெண்ட்ஸ் வந்தா பியர் பாட்டிலும் பேச்சும்தான். நம்ம ஹாஸ்டல் ரூமை அப்படியே பெரிசாக்கினா எப்படி இருக்கும், அப்படித்தான் அந்த வீடும். ஊர்க்காரங்க விசித்திரமான மனுஷன்னு பேசிக்கிட்டாங்க. எனக்கென்னவோ, தனக்கு எது வேணும், எது வேணாம்னு தெளிவாத் தெரிஞ்ச மனுஷனாத்தான் தோணுது.

1976 செப்டம்பர் 1 அன்று, 86 வயசுல, அதே வீட்டில் பெர்சி ஷா இறந்தார். அப்போ பிரிட்டனின் பிரதமர் யார் தெரியுமா? அதே ஜேம்ஸ் காலஹன்.

இதை ஏன் எழுதினேன்?

காரணம் சொல்றேன்னு சொன்னேன்ல. எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு டைவர்ஷன் போர்டு. சோலார் பேனல், எல்.இ.டி, சென்சார், மொபைல் ஆப், எல்லாம் உண்டு. முதல் ரிவ்யூவில் எங்க கைடு மூணே கேள்வி கேட்டார். நாலு நாள் அடைமழை பெய்ஞ்சா என்ன பண்ணுவீங்க, பேனல் மேல புழுதி படிஞ்சா யார் துடைப்பாங்க, பேட்டரியை யாராவது கழட்டிட்டுப் போனா போர்டு என்ன சொல்லும். எங்க நாலு பேர்கிட்டேயும் பதில் இல்லை. அன்னைக்கு ராத்திரி தேடினப்போதான் பெர்சி ஷா கிடைச்சார். மூணு கேள்விக்கும் அவர் 1934-லேயே பதில் சொல்லிட்டார். நான் அப்படியே அவர் ரசிகனாயிட்டேன். எல்.இ.டியைத் தூக்கிப் போட்டோம். முழுக்க ரிஃப்ளெக்டர் என்று டிசைனை மாத்தினோம். ரெண்டாவது ரிவ்யூவில் நல்ல பேரும் வாங்கினோம்.

அடுத்த வாரம் எங்க மெஸ் அண்ணா விழுந்துட்டார்.

காலேஜுக்குப் பக்கத்துல பாலம் வேலை நடக்குது. டைவர்ஷனுக்கு பேரிகேட் வச்சு அதுல ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் நல்லாவே ஒட்டியிருக்காங்க. விளக்கு மட்டும் கிடையாது. அண்ணா இட்லிக்கு அடுப்புப் பத்த வைக்க விடிகாலை நாலரைக்கு சைக்கிளில் வருவார். அந்த சைக்கிளுக்கு லைட் கிடையாது. நேரா போய் பேரிகேட்டில் மோதிட்டார். வலது மணிக்கட்டு உடைஞ்சு மாவுக்கட்டு. ரெண்டு மாசம் வேலைக்கு வர முடியலை, தினக்கூலியும் போச்சு.

கையில் கட்டோட இருந்தவரைப் பார்க்கப் போனப்போ, ஸ்டிக்கர் இருந்துச்சே அண்ணே, தெரியலையான்னு முட்டாள்தனமா கேட்டுட்டேன். ஒண்ணுமே தெரியலை தம்பின்னார். அப்போதான் எனக்கு மண்டையில் ஏறுச்சு. ரிஃப்ளெக்டர் வாங்கின வெளிச்சத்தைத்தான் திருப்பிக் கொடுக்கும். வெளிச்சம் கொண்டு வராதவனுக்கு அது இருட்டுதான். காரில் வர்றவனுக்குப் போர்டு பளிச்சுன்னு தெரியும். சைக்கிள்ல வர்றவனுக்கும் நடந்து வர்றவனுக்கும் அங்கே போர்டே கிடையாது. நாங்க நல்ல பேர் வாங்கின டிசைனும் அதேதான். அங்கே எங்க போர்டே இருந்திருந்தாலும் அண்ணா விழுந்திருப்பார்.

இது பெர்சி ஷாவோட தப்பு இல்லை. அவர் தன் காரில், தன் ரோட்டில், தன் மூட்டத்தில் பட்ட கஷ்டத்துக்குப் பதில் கண்டுபிடிச்சார். அந்த ரோட்டை அவர் எத்தனையோ ராத்திரி ஓட்டிப் பார்த்திருந்தார். நான் விடிகாலை நாலரைக்கு அந்த ரோட்டில் ஒரு தடவைகூடப் போனதில்லை. அவர்கிட்டே இருந்து நான் ரப்பரையும் கண்ணாடியையும் மட்டும் எடுத்துக்கிட்டேன். எடுத்திருக்க வேண்டியது அந்தப் பழக்கத்தை.

இப்போ எங்க போர்டில் ரெண்டும் இருக்கு. வண்டிகளுக்கு ரிஃப்ளெக்டர். லைட் இல்லாதவங்களுக்கு ஒரே ஒரு சின்ன சிவப்பு விளக்கு. ஆப் இல்லை, சென்சார் இல்லை. பேனலைச் சாய்வா வச்சிருக்கோம், மழை பெய்ஞ்சா புழுதி தானா வழியும். பேட்டரி பெட்டியை அடியில் கான்கிரீட்டுக்குள்ள வச்சுட்டோம். விளக்கு கெட்டுப் போனாலும் பாதி வேலையாவது ரிஃப்ளெக்டர் பார்த்துக்கும். ஃபைனல் ரிவ்யூ அடுத்த மாசம். அதுக்கு முன்னாடி நாலு பேரும் ஒரு விடிகாலை லைட் இல்லாத சைக்கிளில் அந்த ரோட்டில் போய்ப் பார்க்கப்போறோம். மெஸ் அண்ணா கூட வர்றேன்னு சொல்லியிருக்கார்.

அடுத்த தடவை நைட் பஸ்ல முன் சீட் கிடைச்சா, ஃபோனைக் கொஞ்ச நேரம் கீழே வச்சுட்டு ரோட்டைப் பாருங்க. அந்தப் புள்ளிகள் எழும்பி வரும்போது ஹாலிஃபாக்ஸ்காரரை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க. அப்படியே அந்த ரோட்டு ஓரத்தில் லைட் இல்லாம யாராவது நடந்து போறாங்களான்னும் பாருங்க.